ஒரு மரபணுவைக் கையால் படித்துப் பார்ப்பது எப்படி? பீட்டா குளோபினின் முதல் பத்து கோடான்கள்

மரபணுவைப் பார்த்துச் செல் புரதம் செய்யும் விதத்தைப் படமாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஒருமுறை எழுத்தெழுத்தாக எழுதிப் பார்த்தால் மறக்காது. அதற்கு 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவையே எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளில் இரண்டு இதிலிருந்து வருபவை.

கோடு போட்ட நோட்டு, பென்சில், அழிப்பான், பிளஸ் டூ பாடநூலில் இருக்கும் 64 கோடான்களின் (அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) அட்டவணை. அமினோ அமிலங்கள் என்பவை புரதச் சங்கிலியின் மணிகள். இவை போதும்.

படி 1: வார்ப்புரு இழையை எழுதுங்கள்

டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளில், ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கப்படுவது வார்ப்புரு இழை. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளாலான அதை 3′ எனப்படும் முனையிலிருந்து இப்படி எழுதுங்கள்:

டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி சிடிசி டிடிசி ஏஜிஏ

இடைவெளிகள் நம் கண்ணுக்காக மட்டுமே. செல்லுக்கு இடைவெளி கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. இதைக் கடைசிப் படி வரை நினைவில் வையுங்கள்.

படி 2: படியெடுங்கள்

உட்கருவுக்குள் இந்த வேலையை ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி செய்கிறது. ஆர்என்ஏ-வில் டி-க்குப் பதில் யூ வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் இணையை எழுதுங்கள்: ஏ-க்கு யூ, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி.

ஏயூஜி ஜியூஜி சிஏயூ சியூஜி ஏசியூ சிசியூ ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி யூசியூ

தொடக்கநிலையில் பலரும் தடுக்குவது இங்கேதான். இணையத்தில் உள்ள மரபணுத் தரவுத்தளங்களில் வழக்கமாகக் கிடைப்பது வார்ப்புரு இழை அல்ல, அதன் எதிர் இழையான குறியீட்டு இழை. அதற்கும் இணை எழுதினால் எல்லாமே தலைகீழாகிவிடும். அங்கிருந்து எடுத்தால் டி வரும் இடத்தில் யூ போட்டாலே வேலை முடிந்தது. ஏடிஜி என்று தொடங்கினால் குறியீட்டு இழை, டிஏசி என்று தொடங்கினால் வார்ப்புரு என்பது இந்தப் பயிற்சிக்குப் போதுமான அடையாளம்.

படி 3: வெட்டி ஒட்டுதல்

இதை எழுதிப் பார்க்க வேண்டாம், தெரிந்திருந்தால் போதும். படியெடுத்த ஆர்என்ஏ சுமார் 1600 எழுத்து நீளம். அதிலிருந்து இன்ட்ரான்கள் எனப்படும் இரண்டு இடைத்துண்டுகள் நீக்கப்பட்டு, எக்ஸான்கள் எனப்படும் மீதி மூன்று துண்டுகள் ஒட்டப்படுகின்றன. முன்னால் ஒரு தொப்பியும் பின்னால் ஏ எழுத்துகளாலான வாலும் சேர்ந்த பிறகே தூது ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியேறும்.

படி 4: தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

புரதம் செய்யும் செல் உறுப்பான ரைபோசோமின் சிறிய துணையலகு தொப்பியருகே ஏறி, ஏயூஜி வரும்வரை நகர்கிறது. பீட்டா குளோபினில் ஏயூஜி-க்கு முன்னால் 50 எழுத்துகள் உண்டு, அவை புரதமாவதில்லை. தூது ஆர்என்ஏ-வின் முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாகப் பிரித்தால் விடை தவறிவிடும்.

படி 5: அமினோ அமிலங்களைக் கோத்து எழுதுங்கள்

அட்டவணையில் ஒவ்வொரு கோடானாகத் தேடி எழுதுங்கள்:

மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லைசின், செரின்.

அட்டவணையில் தேட வேண்டியது தூது ஆர்என்ஏ-வின் கோடானைத்தான், கடத்து ஆர்என்ஏ-வின் ஆன்டிகோடானை அல்ல. கடத்து ஆர்என்ஏ என்பது அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது; ஆன்டிகோடான் என்பது கோடானோடு இணையும் அதன் மூன்று எழுத்துகள். ஆன்டிகோடான் யூஏசி என்று எழுதிவிட்டு அதையே அட்டவணையில் தேடினால் மெத்தியோனினுக்குப் பதில் டைரோசின் கிடைக்கும்.

ரைபோசோமுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வளரும் சங்கிலியைப் பிடித்தபடி ஒரு கடத்து ஆர்என்ஏ நிற்க, பக்கத்து இருக்கையில் அடுத்த அமினோ அமிலத்தோடு இன்னொன்று வந்து அமர்கிறது. சங்கிலி முழுவதும் புதியவர் கைக்கு மாறுகிறது. வெறுங்கையான பழையது வெளியேறுகிறது. ரைபோசோம் மூன்று எழுத்து நகர்கிறது. இந்தப் பிணைப்பை உண்டாக்குவது ரைபோசோமின் புரதம் அல்ல, அதன் ஆர்என்ஏ. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

படி 6: முடிவு

யூஏஏ, யூஏஜி, யூஜிஏ மூன்றும் நிறுத்தக் கோடான்கள். பீட்டா குளோபினில் 147 அமினோ அமிலங்களுக்குப் பிறகு யூஏஏ வருகிறது. முதல் மெத்தியோனின் நீக்கப்படுவதால் மிஞ்சுவது 146.

படி 7: இப்போது வேண்டுமென்றே பிழை செய்யுங்கள்

பயிற்சியின் சாரமே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதலில் ஏழாவது கோடானான ஜிஏஜி-யை ஜிஏஏ ஆக்குங்கள். அட்டவணையில் அதுவும் குளுட்டாமிக் அமிலமே, புரதம் மாறாது.

அடுத்து அதே ஜிஏஜி-யை ஜியூஜி ஆக்குங்கள். வாலின் வருகிறது. நீரை நாடும் அமிலத்தின் இடத்தில் நீரை ஒதுக்கும் அமிலம் வந்ததால், ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. இந்த அரிவாள் செல் பண்பு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952-இல் பதிவானது. நூல்களில் இதை ஆறாவது இடம் என்று போட்டிருப்பார்கள். நீக்கப்பட்ட மெத்தியோனினை எண்ணாததே காரணம்.

கடைசியாக, ஏழாவது கோடானைப் பழையபடி ஜிஏஜி ஆக்கிவிட்டு, எந்த எழுத்தையும் மாற்றாமல், ஒன்பதாவது கோடான் ஏஏஜி-க்குப் பின் ஒரே ஒரு ஜி-யைச் செருகுங்கள். மூல வரிசை தொடர்வது இப்படி:

யூசியூ ஜிசிசி ஜியூயூ ஏசியூ ஜிசிசி சியூஜி யூஜிஜி ஜிஜிசி ஏஏஜி ஜியூஜி ஏஏசி ஜியூஜி ஜிஏயூ ஜிஏஏ

ஜி செருகி மறுபடி பிரித்தால்:

ஜியூசி யூஜிசி சிஜியூ யூஏசி யூஜிசி சிசியூ ஜியூஜி ஜிஜிஜி சிஏஏ ஜிஜியூ ஜிஏஏ சிஜியூ ஜிஜிஏ யூஜிஏ

கடைசிக் கோடானைப் பாருங்கள்: யூஜிஏ, நிறுத்தம். 147 சேர வேண்டிய இடத்தில் 22 அமினோ அமிலங்களோடு சங்கிலி அறுந்துவிட்டது. செல் இப்படிப்பட்ட தூது ஆர்என்ஏ-வை அடையாளம் கண்டு பெரும்பாலும் அழித்துவிடுகிறது. அந்த மரபணுப் பிரதியிலிருந்து பீட்டா குளோபின் கிடைப்பதே இல்லை. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா குளோபின் குறைவதாலோ இல்லாமற்போவதாலோ வரும் பரம்பரை ரத்தசோகை) காரணமான திடீர்மாற்றங்களில் நீங்கள் இப்போது பென்சிலால் செருகிய இந்த ஜி-யும் ஒன்று.