ஜப்பானில் படிக்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் பெயரைக் கவனியுங்கள்

ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் புதுப் பருவம் தொடங்கும். அந்த இரண்டு மாதமும் என் போனுக்கு ஓய்வு கிடையாது. ஜப்பானிய மொழி படிக்கப் பரிமாற்ற மாணவர்களாக வரும் நம்மூர்ப் பிள்ளைகள் "அண்ணா, ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். கேட்டால், நாங்கள் வந்த புதிதில் இடறி விழுந்த அதே இடத்தில்தான் அவர்களும் விழுந்திருப்பார்கள். செருப்பைக் கழற்றுவது, ரயிலில் போன் பேசாமல் இருப்பது, குப்பையைப் பிரிப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. எந்த வீடியோவைத் திறந்தாலும் அதுதான் ஓடுகிறது.

சான்றிதழைக் காட்டி மேல் வகுப்புக்கு அடம் பிடிப்பது

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் பேச வேண்டியதில்லை, கட்டுரை எழுத வேண்டியதில்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால் சென்னையில் அதன் நடு நிலையான என்3 பாஸ் செய்தவர்கூட, அரைப் பக்கம் கையால் எழுதச் சொன்னால் திணறிப்போவார். பல்கலைக்கழகம் வைக்கும் தரம் பிரிக்கும் தேர்வில் கீழ் வகுப்பு கிடைத்தால் பேசாமல் போய் உட்காருங்கள். பக்கத்தில் சீன மாணவர்கள் காஞ்சியை (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகளை) நாளிதழ் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருப்பார்கள், அதைக் கண்டு மிரளவும் வேண்டாம். பேச்சிலும் இலக்கணத்திலும் நமக்கு வேறு வசதி இருக்கிறது.

அந்த வசதியைத்தான் பலர் வீணடிக்கிறார்கள். பாடநூலில் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்திலேயே யோசித்து, வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூச்சு வாங்குகிறார்கள். 'சாப்பிட்டுப் பார்' என்பது அப்படியே 'தபேதே மிரு'. 'வாங்கி வை' என்பது 'கத்தே ஒகு'. வினையெச்சம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. அதில் மிச்சமாகும் நேரத்தைக் காஞ்சிக்குக் கொடுங்கள்.

பெயரைக் கவுன்டரில் இருப்பவர் கையில் விட்டுவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஊரிலேயே உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய வேலை இது.

விமான நிலையத்தில் தரும் ரெசிடென்ஸ் கார்டில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நிரப்பும் படிவங்களில் எல்லாம் பெயருக்கு மேலே ஃபுரிகானா என்று ஒரு குறுகலான கட்டம் வரும். பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்று அதில் கத்தகானாவில் (வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய ஒலியெழுத்தில்) எழுத வேண்டும். நீங்கள் கொஞ்சம் தயங்கினால் போதும், கவுன்டரில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்துத் தானே எழுதிவிடுவார். நம் பெயரெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? டிஹெச் என்ற எழுத்துகளைப் பார்த்தால் அவர் ஸகர வரிசையில் வாசிப்பார். செந்தில் என்பவர் நகராட்சியில் 'சென்டிரு', வங்கியில் 'சென்ஷிரு', போன் கடையில் 'சென்ச்சிரு' ஆவார். ஜோதி நேராக ஜோஷி ஆகிவிடுவார். ழகரத்துக்கு நாம் போடும் இசட்ஹெச் 'ஜி' ஆகி, எழில் 'எஜிரு' என்று வந்து நிற்பார்.

வங்கி என்று ஒன்று இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஜப்பானில் ஒரு கணக்குக்குப் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணோடு பெயரின் கத்தகானாவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். போன அக்டோபரில் வந்த ஒரு தங்கைக்கு இதுதான் நடந்தது. உதவித்தொகை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டால் அனுப்பியாயிற்று என்றார்கள், வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. கடைசியில் பாஸ்புக்கைப் பிரித்து, பல்கலைக்கழகத்தில் கொடுத்த படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தோம். அப்பா பெயரின் நடுவில் ஒரு நெடில் கோடு கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான். அதைத் திருத்த வங்கிக்கு நேரில் போக வேண்டும், வங்கிக் கவுன்டரோ வார நாளில் மதியம் மூன்று மணிக்கு மூடிவிடும். அவளுக்கு வகுப்பு நான்கு மணி வரை. அந்த மாத வாடகையை நாங்கள் கைமாற்றாகக் கொடுத்தோம்.

அப்பா பெயர் என்றதும் இன்னொன்று. நம் இனிஷியல் வழக்கம் அங்கே செல்லாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், ஜப்பானில் அதுதான் முன்னால் வரும், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் 'சுபுரமனியான் சான்' என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும், காய்ச்சலோடு அசையாமல் உட்கார்ந்திருந்த பையனை எனக்குத் தெரியும். அப்பாவை இங்கே யார் தேடுகிறார்கள் என்று யோசித்தானாம். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் இன்னும் தொல்லை, பல ஆன்லைன் படிவங்கள் அதை ஏற்காது. பாஸ்போர்ட்டில் பெயரைத் திருத்துவதாக இருந்தால் சிஓஇ (விசாவுக்கு முன் வாங்கும் தகுதிச் சான்று) விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள். பிறகு மாற்றினால் விசாவிலிருந்து எல்லாவற்றிலும் சிக்கல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஊரில் உங்கள் ஜப்பானிய ஆசிரியரோடு உட்கார்ந்து முழுப் பெயருக்கும் ஒரே ஒரு கத்தகானா வடிவம் முடிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில். அழகைவிடச் சுருக்கம் முக்கியம். வங்கிக் கணினியில் இடம் குறைவு, அதிலும் 'க'வை 'ga' ஒலியாக்கப் போடும் இரண்டு புள்ளிகூடத் தனி எழுத்தாக இடம் பிடிக்கும். அதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எந்தக் கவுன்டரிலும் அதையே நீட்டுங்கள். கணக்கு தொடங்கியதும் பாஸ்புக்கின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கும் பைதோ (பகுதிநேர வேலை) இடத்துக்கும் அதையே அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

நகராட்சி உறைகளைப் பிரிக்காமல் வைப்பது

தங்குமிடம் முடிவானதும் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். மருத்துவச் செலவில் உங்கள் பங்கு 30 சதவீதம்தான். தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துப் பிரீமியம் கேட்பார்கள். வருமானம் எதுவும் இல்லை என்ற அறிவிப்புப் படிவத்தையும் கொடுங்கள், பிரீமியம் குறையும்.

20 வயது முடிந்தவர்களுக்கு ஓய்வூதியக் கடிதம் வரும். மாதம் 17,000 யென்னுக்கு மேல் கட்டச் சொல்லி இருக்கும். பயந்துபோய்க் கட்டுபவர்களும் உண்டு, படிக்காமல் டிராயரில் போடுபவர்களும் உண்டு. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டால்தான். அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகவும் வாய்ப்புண்டு.

பைதோ

பருவம் நடக்கும்போது வாரம் 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் மொத்தம் 28தான்.

"கறி இல்லையே" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது

சைவக்காரர்களுக்கு இந்தக் கேள்வி உதவாது. மிஸோ சூப்பில் மீன் சாறு இருக்கும். கடையில் விற்கும் ஜப்பானியக் குழம்பு மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கும் அளவுக்காவது காஞ்சியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

மாதக் கையெழுத்து

மெக்ஸ்ட் (ஜப்பானியக் கல்வி அமைச்சகம்) உதவித்தொகைக்காரர்கள் மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த மாதம் பணம் இல்லை.

கிளம்பும்போது

நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்து, காப்பீட்டுக் கணக்கை முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், அறை முன்பணத்தில் மிச்சம் இருந்தால் அதில்தான் வரும். போன் எண்ணைக் கடைசியாக ரத்து செய்யுங்கள். மற்ற ஒப்பந்தங்களை முடிக்கக் கேட்கும் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.