பழைய கேமராவை மாற்றுவதற்கு முன் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் போன மாதம் கேமரா பையோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, கேமரா போயிட்டுன்னு நினைக்கேன். எதைப் பார்த்தாலும் மங்கலாத் தெரியுது. புதுசு வாங்கிரலாமா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஓரத்தில், அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருப்புகிற சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். பைக்குள் உரசி அது நகர்ந்திருந்தது. இரண்டு சுற்று திருப்பியதும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. எடுத்த படங்கள் எல்லாமே தெளிவாகத்தான் இருந்தன.

பழுதையும் பழசையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. வானத்தில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா? லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரமான அபெர்ச்சரை எஃப்/16-ல் வைத்து (எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) வெறும் வானத்தை இரண்டு மூன்று படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் அது படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் ஒட்டிய தூசி. சுத்தம் செய்தால் போய்விடும்.

அடுத்தது மெகாபிக்சல் கணக்கு, அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்பது. 2008-ல் வந்த நிக்கான் டி90-ல் 12 மெகாபிக்சல்தான். அந்தப் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 230 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். கல்யாண ஆல்பத்துக்கு அது தாராளம். 24 மெகாபிக்சலுக்குப் போனால் படம் இரண்டு மடங்கு பெரிதாகும் என்று பலர் நம்புகிறார்கள். அகலம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும்.

பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை மட்டும் மாற்றிவிட்டு, கூடவே வந்த கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டு திரிவதுதான் என்னை ரொம்ப வருத்தப்படவைக்கும் தவறு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கும் கிருஷ்ணாபுரம் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில், மண்டபத்துக்குள் நிழல். குறவன் சிலையின் விலா எலும்பும் நரம்பும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு இழுத்தால் அபெர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. வெளிச்சம் போதாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பத்தில் ஒரு நொடியாக நீண்டுவிடும்; கை நடுங்கிப் படம் கலங்கும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் நூறில் ஒரு நொடிக்குப் போய்விடும். உளி பட்ட தடம் வரைக்கும் தெரியும். கேமரா பழசுதான், ஆனால் படம் புதுசு. புதிய பாடியின் விலையோடு ஒப்பிட்டால் இந்த லென்ஸுக்கு ஆகும் செலவு சொற்பம்.

சரி, மாற்றியே தீர வேண்டிய நேரமும் உண்டு. நெல்லை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் நாரைகளைப் பழைய கேமராவே எடுத்துவிடும். விடியற்காலையில் வரித்தலை வாத்துகளைப் பறக்கும்போதே படம் பிடிப்பது வேறு வேலை. டி90-ல் ஃபோகஸ் புள்ளிகள் பதினொன்றுதான். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும், உள்ளே கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்கு அது ஈடாகாது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதை எடுக்க முடியவில்லை என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

அப்போதும் பாடி விலையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். கையில் இருக்கும் லென்ஸ் அதில் வேலை செய்யுமா என்றும் பாருங்கள். கேனானின் பழைய இஎஃப் வகை லென்ஸ்கள் அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரோடு அதன் இசட் வரிசை மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புதிய கேமராவின் ரா கோப்பை, அதாவது பதப்படுத்தாத மூலப் படத்தை, உங்கள் பழைய மென்பொருள் திறக்காமல் போகலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய கையோடு பழையதை விற்பதும் வேண்டாம். கேட்கிற விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். முகூர்த்த நேரத்தில் புதியது மக்கர் செய்தால் கை கொடுப்பது அதுதான். தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டிவிடாதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.