நம்பரை நம்பாதீர்கள்: அபிங்டன் மினியின் போட்டி வரலாற்றைத் துருவுவது எப்படி

1960களில் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார் நிறுவனத்தின் போட்டிப் பிரிவு இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரித்த மினி கூப்பர் எஸ் ஒன்று விற்பனைக்கு வருகிறது. "இந்த நம்பர் மான்டே கார்லோ ராலியில் ஓடியது" என்கிறார் விற்பவர். நம்பர் ஓடியிருக்கும். இந்த பாடி ஓடியதா என்பதுதான் கேள்வி. நொறுங்கிய பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் நம்பர் பிளேட்டைப் புது பாடியில் மாட்டி அடுத்த ராலிக்கு அனுப்புவது தொழிற்சாலை அணிகளில் சகஜம். அன்றைக்கு அது மோசடி இல்லை, வேலை வசதி.

அதனால் ஓர் அட்டவணை போட்டு, நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர், பாடி மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ராலிக்கு ஒரு வரி: தேதி, ஓட்டுநர், கதவு எண், முடிவு. நுழைவுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே கார் கிளம்பியது என்று ஆகாது. இறுதி முடிவுப் பட்டியலும் முழுக் கதை சொல்லாது. 1966 மான்டேயில் முதல் மூன்று இடம் பிடித்த மேக்கினென், ஆல்டோனென், ஹாப்கிர்க் மூவரின் மினிகளும் ஹெட்லைட் தகராறில் தகுதியிழந்தன. வெற்றி சிட்ரோயெனுக்குப் போனது. ஆகவே அந்த வார மோட்டார் பத்திரிகைகளையும் சேர்த்துப் புரட்டுங்கள்.

சுலபமாகக் கழிக்கக்கூடியதை முதலில் கழியுங்கள். அபிங்டன் அப்போது பெர்க்‌ஷயரில் இருந்தது. அந்த அணி மினிகளின் நம்பர்களான 33 இஜேபி, ஏஜேபி 44பி, எல்பிஎல் 6டி ஆகியவற்றில் உள்ள ஜேபி, பிஎல் எல்லாம் அந்த மாவட்டத்து எழுத்துகள்தாம். எண்ணுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து பி என்றால் பதிவு 1964, டி என்றால் 1966. டி நம்பருக்கு 1965 வெற்றியைச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்திலிருந்து வாங்கும் ஹெரிடேஜ் சான்றிதழ் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், நிறம், தயாரித்த தேதி ஆகியவற்றைச் சொல்லும். ராலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விற்பவர்கள் இதைத்தான் பெரிதாக நீட்டுவார்கள்.

அடுத்து பாகங்களின் காலம். 1964 ஜனவரி மான்டேயில் ஹாப்கிர்க் வென்ற 33 இஜேபியில் இருந்தது 1071 சிசி எஞ்சின். 1275 அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் எஞ்சின் கைமாறும் பொருள், அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். திரவத்தால் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் மினிக்கு வந்தது 1964 செப்டம்பரில். அதற்கென்றே தயாரான பாடி அந்த ஜனவரி ராலியில் ஓடியிருக்க முடியாது.

பாடியை அடையாளம் காட்டுவது புகைப்படம்தான். ஸ்டிக்கரையும் கதவு எண்ணையும் விடுங்கள், அவற்றை நேற்றுகூட ஒட்டியிருக்கலாம். பானெட், கதவு, முன் விங் எல்லாம் மாற்றக்கூடியவை. டாஷ்போர்டு, எஞ்சினுக்குப் பின் தடுப்பு, தரை, டிக்கி இவை பாடியோடு நிற்கும். ஹால்டா தூரமானிக்குக் கையால் போட்ட துளைகள் காருக்குக் கார் கொஞ்சம் விலகும். உள்ளே எடுத்த பழைய படத்தில் அவற்றின் இடத்தை, பக்கத்திலுள்ள சுவிட்சை அளவுகோலாக வைத்துக் கணக்கிடுங்கள். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். துளையை அடைத்திருந்தால் பின்பக்கம் வெல்டிங் தழும்பு இருக்கும். படத்தில் துளை உண்டு, உலோகத்தில் தழும்பே இல்லை என்றால் அந்தத் தகடு வேறு. டிக்கி மூலையில், வெளியே தெரியாத இடத்தில், பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிப் பார்ப்பதும் உதவும்.

ஒரே நம்பருக்கு இரண்டு கார்கள் உரிமை கோருவதும் உண்டு: ஒன்றிடம் காகிதம், மற்றதிடம் பழைய பாடி. இரண்டையும் அப்படியே பதியுங்கள். ஆதாரம் கிடைக்காத ராலியின் வரியில் பாடிப் பத்தியைக் காலியாக விடுங்கள். விற்பவர் வாய்மொழியால் அதை நிரப்ப வேண்டாம்.