காட்டோரக் கொட்டாயைத் தீயிலிருந்து காப்பது எப்படி

மாசி பிறந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்காடுகள் இலையுதிர்த்துக் காயத் தொடங்கிவிடும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும், வத்தல்மலை, சித்தேரி அடிவாரத்திலும் காட்டை ஒட்டிக் கொட்டாய் போட்டுக் குடியிருப்பவர்களுக்குக் கோடை மழை இறங்கும்வரை கவலைதான். கீழே சொல்லும் வேலைகளைத் தை மாதத்திலேயே முடித்துவிடுங்கள். பங்குனியில் இன்னொரு சுற்று இலை கொட்டும். அப்போது மறுபடி ஒருமுறை கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

தீ நேராக வந்து சுவரைப் பிடித்து எரிந்த வீடுகள் குறைவு. தீ அந்தக் கரட்டில் இருக்கும்போதே கங்கு காற்றில் பறந்து வந்து விழும். அது விழுந்த இடத்தில் என்ன கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் வீடு நிற்பதும் எரிவதும். வெறும் தரையில் விழுந்த கங்கு கருகி அணைந்துவிடும். திண்ணையில் அடுக்கிய விறகிலோ சுவரில் சாத்திய சோளத்தட்டிலோ விழுந்தால் அணையாது. அதனால் வேலையை வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். பலர் காட்டோரத்தில் தொடங்கி, சுவரோரத்துக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறார்கள்.

சுவரைச் சுற்றி ஐந்து அடி

இந்த ஐந்து அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. விறகு, வறட்டி, காலிச் சாக்கு, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், பிளாஸ்டிக் கிரேட், மூங்கில் படல், பச்சை நிழல் வலை எல்லாம் வெளியே போக வேண்டும். மண்ணை நன்றாகச் செதுக்கிச் சாணி மெழுகினாலும் போதும். ஜல்லி கொட்டினால் இன்னும் நல்லது. சுவரில் படர்ந்த அவரைக்கொடி காய்ந்திருந்தால் அதையும் அறுத்தெடுங்கள். பட்டுப்புழு மனைக்கும் இதே கணக்குதான். புழு கூடு கட்டும் மூங்கில் சந்திரிகையும் வலையும் மனைக்கு வெளியே சாய்த்துக் கிடந்தால் ஒரு கங்கு போதும்.

கூரை

அதிகக் கவனம் கூரைக்குத்தான். நாட்டு ஓட்டு வீட்டில் ஓடுகளுக்கு அடியில் குருவிக் கூடும் சருகும் தூசியும் சேர்ந்திருக்கும். கங்கு உள்ளே புகுந்துவிட்டால் கைமரமும் ரீப்பரும் பற்றும்வரை வெளியே தெரியாது. புகை தெரியும்போது ஏறி அணைக்கும் கட்டம் தாண்டியிருக்கும். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். கூரை முடியும் இடத்தில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வாயை ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவை வைத்து அடையுங்கள். முழுக்க அடைத்தால் புழுக்கம் தாங்காது என்றால், சில இடங்களில் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலையை ஆணியடித்து விடுங்கள். வெண்டிலேட்டருக்கும் சிமெண்ட் ஜாலிக்கும் அதே வலைதான். நைலான் கொசுவலை சூட்டில் உருகி ஓட்டை விழுந்துவிடும், அதை நம்பாதீர்கள்.

தளம் போட்ட மெத்தை வீட்டுக்காரர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். தளத்துக்கும் முன்னால் இறக்கிய தகரச் சாய்ப்புக்கும் இடையில் உள்ள மூலையைப் பாருங்கள். புளியஞ்சருகும் மாஞ்சருகும் ஒரு சாண் உயரத்துக்கு மெத்தென்று கிடக்கும். தண்ணீர் இறங்கும் துளையும் அடைத்திருக்கும். கங்கு வந்து தங்குவதற்கென்றே அமைந்த இடம் அது. வாரம் ஒருமுறை விளக்குமாறு போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எரியாது. ஆனால் சூடேறினால் வெடித்துச் சில்லு தெறிக்கும். அதன் கீழே நின்று தீயணைக்கக் கூடாது.

போதைப்புல், கரும்புத்தோகை, தென்னங்கீற்றுக் கூரைகளைத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றலாம் என்பது வீண் நம்பிக்கை. வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கீற்றில் போட்ட மாட்டுக்கொட்டாய் வீட்டோடு ஒட்டியிருந்தால் அதைப் பிரித்து, 30 அடியாவது தள்ளிப் போடுங்கள். வீடே குடிசை என்றால் கலைஞர் கனவு இல்லத் திட்டத்துக்கு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். அதுவரை, தீ நெருங்குகிறது என்றால் ஆளும் ஆடு மாடும் தப்பினால் போதும் என்று முடிவெடுங்கள்.

வைக்கோல் போர், வேலி, மரம்

கேழ்வரகுத் தாள் போரும் வைக்கோல் போரும் வீட்டிலிருந்து 100 அடி தள்ளி இருக்கட்டும். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் 50 அடிக்குக் குறையாமல், காடு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஒரே பெரிய போராகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட்டால் ஒன்று போனாலும் மாட்டுக்குத் தீனி மிஞ்சும்.

முள் வெட்டிப் போட்ட வேலி காட்டுத் தீயை நேராக வாசலுக்கு இழுத்து வரும். வீட்டை நெருங்கும் கடைசி 15 அடி முள்ளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கல்கால் நட்டுக் கம்பி இழுங்கள்.

தென்னையையும் பனையையும் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த மட்டை, பாளை, மட்டைக்கடியில் சல்லடைபோல் இருக்கும் பன்னாடை மூன்றும் தீக்குப் பஞ்சு மாதிரி. உச்சியில் பற்றினால் அங்கிருந்து கங்கு நாலா பக்கமும் இறையும். மரம் ஏறுபவரை வைத்து மாசிக்குள் மட்டை கழித்துவிடுங்கள். மூங்கில் புதரில் காய்ந்த கழிகளை மட்டும் அறுத்தெடுத்தால் போதும்.

100 அடிக்குள் உண்ணிச்செடி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்த குச்சியாகவே இருக்கும். தரையில் ஓடும் தீ அதைப் பிடித்துத்தான் மரக்கிளைக்கு ஏறும். மாமரத்துக்கும் புளிக்கும் ஆறடி உயரம்வரை கிளை கழியுங்கள். காட்டை ஒட்டிய எல்லையில் 10 அடி அகலத்துக்கு உழுதுவிடுங்கள். வீடு சரிவில் இருந்தால் பள்ளத்துப் பக்கம் அந்த அகலத்தை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெட்டியதைக் குவித்துக் கொளுத்தாதீர்கள். பல காட்டுத் தீ வரப்பில் வைத்த தீயில்தான் கிளம்புகிறது. உங்கள் வேலை பட்டா நிலத்தோடு நிற்கட்டும். காப்புக்காட்டுக்குள் வெட்டுவதும் தீ வைப்பதும் குற்றம். அங்கே சருகு கூட்ட வேண்டும் என்றால் வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்

தீ வந்தால் மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் இருந்தும் பயன் இருக்காது. 1,000 லிட்டர் தொட்டியை மேடான இடத்தில் வைத்து, தினமும் காலையில் நிரப்பிவிடுங்கள். அதிலிருந்து முக்கால் அங்குல ஓஸில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் போனால் 50 நிமிஷம் வரும். தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி பைப்பை வெளியே விட்டால் உருகி, முழுத் தண்ணீரும் வீணாகும். ஜிஐ இரும்புப் பைப் போடுங்கள் அல்லது ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். மருந்தடிக்கும் 16 லிட்டர் ஸ்பிரேயரை மருந்து வாசமே இல்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பித் தயாராக வையுங்கள். கங்கை அணைக்க ஓஸைவிட அதுதான் கைக்கு வாகு. தீயணைப்பு வண்டி உள்ளே வரத் தடம் 12 அடி அகலம் இருக்க வேண்டும்.

தீ நெருங்கும்போது

101-க்குச் சொல்லுங்கள், 112-ம், மாவட்டப் பேரிடர் எண் 1077-ம் கிடைக்கும். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிடுங்கள். ஆடு மாட்டை அவிழ்த்து உழுத நிலத்துக்கு ஓட்டுங்கள், மரத்தில் கட்டாதீர்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் முன்பே ஒரே பையில் இருக்கட்டும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நேரம் இருந்தால் வெட்டவெளியில் நிமிர்த்தி வையுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். பாலியஸ்டர் புடவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்காதீர்கள். மேட்டை நோக்கி ஓடாதீர்கள். ஆற்று மணல், வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து கரியான தரை ஆகியவைதான் தஞ்சம்.

வழி அடைபட்டுவிட்டால், மெத்தை வீட்டுக்குள் கதவு ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து, தீ வரும் பக்கத்துக்கு எதிர் அறையில் இருங்கள். தீ தாண்டியதும் வெளியே வந்து கூரை, திண்ணை, மாட்டுக்கொட்டாய் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள். எருக்குழியைக் கட்டாயம் கிளறிப் பார்க்க வேண்டும். மேலே சாம்பல்போல் இருந்தாலும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மதியக் காற்றில் மறுபடி பற்றும். கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு தெரியாமல் போகும்வரை ஊற்றுங்கள். இரண்டு நாளைக்கு இரவும் ஒருவர் முறைபோட்டுச் சுற்றி வர வேண்டும். தென்னை உச்சியில் புகை தெரிந்தால் ஏறாதீர்கள், அதன் கீழே யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு 101-க்குச் சொல்லுங்கள்.