அம்மா அப்பாவோட மலகாவுல ஒரு நாள்

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்ல இருந்து ஸ்பெயின் போறவங்க பார்சிலோனாவோட திரும்பிடறாங்க, பெரியவங்கள கூட்டிட்டு போறீங்கன்னா தெக்கால கடலோரத்துல இருக்குற மலகாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்க. ஏர்போர்ட்ல ட்ரெய்ன் ஏறுனா கால் மணி நேரத்துல டவுன், அப்புறம் முக்காவாசி இடம் நடக்குற தூரம்தான்.

கோடையில போனா வெயில பார்த்துதான் நாள பிரிக்கணும். ரப்பர் தோட்டத்துல வெயில் ஏறுறதுக்குள்ள பால்மரம் வெட்டி முடிச்சிடுவாங்கல்ல, அதே கணக்குதான், மேட்டுல ஏறுற வேலை எல்லாம் காலையிலயே முடியணும்.

9 மணிக்கு அல்கசாபா கோட்டை தொறந்ததும் உள்ள போயிடுங்க. 11ஆம் நூற்றாண்டுல முஸ்லிம் மன்னருங்க கட்டுனது, உள்ள தோட்டம், சின்ன சின்ன வாய்க்கால்ல தண்ணி, அவ்ளோ குளுமை. அடிவாரத்துல இருக்குற ரோமானியர் காலத்து அரங்கம் 1951லதான் மண்ணுக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு, அத ரோட்டுல நின்னே பார்க்கலாம். அம்மாவுக்கு முட்டி வலின்னா நகராட்சி கட்டடத்துக்கு பின்னாடி லிஃப்ட் இருக்கு, கேட்டு போங்க. இன்னும் மேல இருக்குற கிப்ரால்ஃபாரோ கோட்டைக்கு உள்ளுக்குள்ளயே வழி கிடையாது, கீழ இறங்கி 35ஆம் நம்பர் பஸ் எடுங்க, அந்த செங்குத்து பாதையில தயவு செஞ்சு பெரியவங்கள நடக்க வைக்காதீங்க. ரெண்டு கோட்டைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குனா காசு மிச்சம்.

மதியத்துக்கு முன்ன அத்தாரசானாஸ் பாசார் (சந்தை) போயிடணும், மதியத்துக்கு மேல பூட்டிடுவாங்க, ஞாயித்துக்கெழம லீவு. வாசல் வளைவு 14ஆம் நூற்றாண்டு கப்பல் பட்டறையோடது, அப்ப கடல் அது வரைக்கும் இருந்துச்சாம். பாதாமும் மலகா உலர்ந்த திராட்சையும் வாங்குங்க, பாயாசத்துக்கு ஆகும். சைவம்னா அஹோபிளாங்கோ கேளுங்க, பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் போட்டு அரைச்ச குளிர்ந்த சூப், மேல பச்ச திராட்சை இருக்கும். சாலட்ல கூட டூனா போட்டுடுவாங்க, அதனால மீனு, பன்னி ரெண்டும் வேணாம்னு தனித்தனியா சொல்லிடுங்க.

வெயில் கொளுத்துற நேரத்துக்கு கதீட்ரல் போதும், 1528ல ஆரம்பிச்சு 1782ல நின்னு போச்சு, ஒரு கோபுரம் முடியவே இல்ல. பிக்காசோ 1881ல பொறந்த ஊரு இது, மியூசியம் பக்கத்துலயே இருக்கு, ஆனா ஓவியத்துல ஆசை இல்லாதவங்கள இழுத்துட்டு போகாதீங்க, ரூம்ல படுத்து எந்திரிக்கட்டும்.

சாயங்காலத்துக்குத்தான் நான் இந்த ஊர சொல்றதே. 11ஆம் நம்பர் பஸ்ல பெட்ரகலேஹோ கடற்கரைக்கு போங்க, மணல் நெரப்புன படகுல வெறகு மூட்டி, மத்தி மீன வரிசையா குச்சியில குத்தி நெருப்போரமா சாய்ச்சு வெச்சு சுடுவாங்க, எஸ்பெட்டோன்னு பேரு. உப்பு மட்டும்தான், மசாலா கெடையாது, ஆனா மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மீன்ல நெய் வடியும், எலுமிச்சம்பழம் புழிஞ்சு கையாலயே சாப்பிடுங்க. ஜூன் ஜூலைல 9:30க்கு மேலதான் இருட்டும், அவசரமே இல்ல, திரும்புற பஸ் நேரத்த மட்டும் இறங்குற ஸ்டாப்புலயே பார்த்து வெச்சுக்குங்க.