பொட்டல் டியூட்டியில் புது டாக்டர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்தால் எங்கள் காரைக்குடிப் பக்கம் கேஷுவால்டி (அவசரப் பிரிவு) டாக்டர்களுக்கும் சீசன்தான். பொங்கல் முடிந்த கையோடு சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்துக்கு அரளிப்பாறை, அப்புறம் ஊர்த் திருவிழாவுக்குத் திருவிழா ராத்திரிக் கபடி. சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற பயிற்சி டாக்டர் வருஷத்தை முடித்துப் புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவரிடம் ஒரு மருந்துப் பையைக் கொடுத்து, "நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். விழாக் கமிட்டி மேடையில் நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, கலர் சோடா கொடுக்கும். முதல் தவறு அந்த நாற்காலியில் உட்காருவது. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வெளியேறும், அந்த வழியில் எத்தனை பைக் நிற்கிறது, உள்ளே ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி இருக்கிறதா என்பதையெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது.

மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருவதில்லை. ஆயிரம் பேர் சுற்றி நின்று "டாக்டர் ஏதாவது பண்ணுங்க" என்று கத்தும்போது, அந்த ஆயிரம் பேருக்காக ஏதாவது பண்ணுவதால் வருபவை. நானும் செய்திருக்கிறேன். கபடியில் ஒரு பையனுக்குத் தோள் இறங்கிவிட்டது, வலியில் துடிக்கிறான், சுற்றிலும் செல்போன் வெளிச்சம். அங்கேயே கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழுப்பதற்கு முன் மணிக்கட்டில் நாடி பார்க்கவில்லை, தோள்பட்டையின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கவுமில்லை. தோள் ஏறவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் மேற்கை எலும்பின் கழுத்தில் முறிவு. அது முட்டியபோதே உடைந்ததா, நான் இழுத்ததில் உடைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டால் என்னால் நிரூபிக்கவும் முடியாது. அதற்குப் பிறகு பொன்னாடைக்கு நல்ல உபயோகம் கண்டுபிடித்தேன்: கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டி, எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவேன். கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

மாடு குத்திய காயம்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. சிராவயலில் தொழுவை விட்டு அவிழ்க்கும் மாடுகள் போக, தொழுவுக்கு வராமல் ஆங்காங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடுகளும் பொட்டல் முழுக்க ஓடும். வேடிக்கை பார்க்க வந்தவர்தான் பல நேரம் தூக்கி எறியப்படுவார். வெளியே பார்த்தால் ரெண்டு விரல் அகலத்தில் ஓட்டை, ரத்தம்கூட அவ்வளவு இருக்காது. ஆனால் கொம்பு உள்ளே போன பிறகு மாடு தலையை ஆட்டுகிறது, ஆளையே தூக்குகிறது, அதனால் உள்ளே பாதை ஒன்றாக இருக்காது, தொடையில் குத்தியது வயிற்றுக்குள்ளும் போயிருக்கலாம். அதை அங்கேயே நாலு தையல் போட்டு மூடினால் பார்க்க அழகாக இருக்கும், மண்ணும் சாணியும் உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும். அழுத்திக் கட்டி அனுப்புங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம், சலைனில் நனைத்த துணியால் மூடுங்கள், பாசத்தோடு தண்ணீர் கொடுக்க வருகிறவரைத் தடுங்கள். தொடை இடுக்கில் ரத்தம் பீறிட்டால் அங்கே டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்ட இடமில்லை. துணியை உள்ளே திணித்து முழு எடையோடு அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற வேண்டியதுதான்.

சலைன் விஷயமும் இதோடு சேர்ந்தது. பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று ஜனம் நம்பும், அந்த நம்பிக்கை மெல்ல நமக்கும் தொற்றிவிடும். ரத்தம் நிற்காத ஆளுக்கு மூன்று பாட்டில் ஓட்டினால் பி.பி. ஏறி, உறைந்த கட்டி பிய்ந்து, மிச்ச ரத்தமும் நீர்த்துப் போகும். தலையில் அடி இல்லாமல், ஆள் பேசிக்கொண்டும் மணிக்கட்டில் நாடி தட்டிக்கொண்டும் இருந்தால் ஊசி போட்டு வழி வைத்துக்கொண்டால் போதும். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில், அடிபட்டு 3 மணி நேரத்துக்குள். அதற்கு மேல் ஆனால் நன்மையைவிடத் தீமை அதிகம். அதனால் அடிபட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மதுரை இங்கிருந்து 80 கி.மீ.க்கு மேல். பக்கத்தில் இருக்கிறதே என்று சர்ஜன் இல்லாத இடத்தில் இறக்கி ஏற்றினால் அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

யாரும் தொடாமலேயே ஒரு வீரர் விழுந்து, கை கால் வெட்டி இழுத்தால் உடனே யாராவது "வலிப்பு" என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். நீங்களும் சேர்ந்து வலிப்பு என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். இதயம் நின்ற முதல் நிமிடத்தில் உடம்பு அப்படி உதறும், மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுக்கும், அது மூச்சு இல்லை. கழுத்தில் நாடியை 10 விநாடிக்கு மேல் தேடாதீர்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மேல் போகாமல் அழுத்துங்கள். இப்படி அழுத்தும் சி.பி.ஆர். இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏ.ஈ.டி. ஷாக்கில் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

தலை அடி இதற்கு நேர்மாறு. முழங்காலில் நெற்றி இடித்து விழுந்தவன் முகத்தில் சோடா அடித்தால் எழுந்துவிடுவான், கூட்டம் கைதட்டும், அவனும் தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டுக்குள் போவான். அவனிடம் ஸ்கோர் என்ன, கடைசி ரெய்டு யார் போனது, எதிர் டீம் எந்த ஊர் என்று கேளுங்கள். தடுமாறினால், அல்லது உங்களுக்கே சந்தேகம் வந்தால், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. சரியாகப் பேசிக்கொண்டிருந்தவன் சில மணி நேரம் கழித்து மயங்குவதும் உண்டு, மண்டைக்குள் ரத்தம் மெதுவாகச் சேர்ந்திருக்கும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் என்றால் சி.டி. எடுக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிப் புண்ணியமில்லை, கூட வந்த ஒருத்தரைப் பிடித்துச் சொல்லுங்கள்.

"செமி ஃபைனல் சார், ஒரே ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று வருவார்கள். வியர்த்து வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் வலி ஊசி போட்டால் கிட்னி கஷ்டப்படும் என்பது ஒரு பக்கம். காரைக்குடியில் உடற்கல்விக் கல்லூரி இருப்பதால் பல்கலைக்கழக, மாநில அளவில் ஆடுபவர்களும் ஊர்க் கபடியில் இறங்குவார்கள். அவர்களுக்கு ஊக்கமருந்து விதிகள் தெரியும், மருந்துச் சீட்டு எழுதும் நமக்குத்தான் தெரியாது. ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை, டிரமடால் என்கிற வலி மருந்து 2024 முதல். எழுதுவதற்கு முன் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) பட்டியலைச் செல்போனில் ஒரு தடவை பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கணுக்கால் சுளுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ரெண்டு நாள் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே.

கடைசியாக ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. ராத்திரி மூன்று மணிக்கு, இருபதாவது ஆளைப் பார்த்து முடித்துவிட்டு, "மாடு முட்டியது" என்று ரெண்டே வார்த்தையில் முடித்துவிடத் தோன்றும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, யார் கூட்டி வந்தது, நினைவு இருந்ததா, காயத்தின் நீள அகலம், ரெண்டு அங்க அடையாளம், போலீசுக்குத் தகவல் சொன்ன நேரம் எல்லாம் எழுதுங்கள். நாலைந்து வருஷம் கழித்துக் கோர்ட் சம்மன் வரும்போது நீங்கள் வேறு ஊரில் பி.ஜி. படித்துக்கொண்டிருப்பீர்கள், அந்த முகம் ஞாபகம் இருக்காது, கூண்டில் ஏறி நின்று உங்கள் கையெழுத்தை நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.