கெர்னல் டெஸ்ட் தொங்கிப்போனால்: மூன்று டைம்அவுட், மூன்று இடம்

பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளில் லினக்ஸ் கெர்னல் ப்ராஜெக்ட் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. கெர்னலை பில்ட் பண்ணி கியூஎமுவில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) பூட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டெஸ்டுக்கான டைம்அவுட். கேசெல்ஃப்டெஸ்ட்டில் (கெர்னலோடு வரும் டெஸ்ட் தொகுப்பு) ஒவ்வொரு டெஸ்டுக்கும் 45 விநாடிதான் கெடு. போதாவிட்டால் அந்த டெஸ்ட் ஃபோல்டரில் 'செட்டிங்ஸ்' என்ற ஃபைலில் டைம்அவுட்=120 என்று ஒரு வரி. பூஜ்யம் போட்டால் கெடுவே இருக்காது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்தது கெர்னலின் ஹங்-டாஸ்க் டிடெக்டர், அதாவது தொங்கிப்போன ப்ராசஸைக் கண்டுபிடித்துச் சொல்லும் பகுதி. பலரும் சறுக்குவது இங்கேதான். இதன் வழக்கமான அளவு 120 விநாடி. டெஸ்டின் கெடு 45-லேயே தாண்டிவிடும். அதுவரை கெர்னல் வாயே திறந்திருக்காது. எந்த லாக்கில் (பூட்டில்) மாட்டியது என்று சொல்லும் கால் ட்ரேஸ் (ஃபங்ஷன்கள் அழைக்கப்பட்ட வரிசை) அதற்குள் லாகில் (பதிவில்) வராது. ஆகவே கெர்னல் கமாண்ட் லைனில் ஹங்-டாஸ்க் டைம்அவுட்டை 15 ஆக்குங்கள். ஏன் 30 இல்லை? டிடெக்டர் அந்த இடைவெளிக்கு ஒருமுறைதான் எழுந்து பார்க்கும். தொங்கியதைக் கண்டுபிடிக்க இரு மடங்கு நேரம் வரை ஆகலாம். 15 வைத்தால் 30-க்குள் பிடித்துவிடும், 45-க்கு முன்பே. கூடவே ஹங்-டாஸ்க்-பேனிக்=1 (தொங்கினால் கெர்னல் பேனிக் ஆகி நிற்க), பேனிக்=-1 (பேனிக் ஆனதும் உடனே ரீபூட் ஆக) சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கியூஎமுவுக்கு வெளியே ஹோஸ்டில் ஒரு 'டைம்அவுட்' கமாண்ட். 'டி' ஸ்டேட்டில் (இடையில் எழுப்ப முடியாத காத்திருப்பு) மாட்டிய ப்ராசஸ், கட்டாயமாகக் கொல்லும் சிக்னலான சிக்கில்லுக்கும் அசையாது. உள்ளே இருக்கும் டைமர் அதன் முடிவுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். கணக்கு எளிது: ஆறு டெஸ்ட் × 45 = 270, பூட்டுக்கு 60, மொத்தம் 330. வெளி டைமருக்கு 400 கொடுங்கள். கெடு தாண்டினால் எக்ஸிட் கோட் 124.

ஸ்க்ரிப்டுக்குள்ளிருந்து ஓட்டும்போது 'ஃபோர்கிரவுண்ட்' ஆப்ஷன் கட்டாயம். இல்லாவிட்டால் 'நோகிராஃபிக்' (தனி விண்டோ இல்லாமல் டெர்மினலிலேயே ஓடும்) கியூஎமு டெர்மினலைத் தொட்டதுமே நின்றுவிடும். கெர்னல்தான் தொங்கியது என்று வீணாகத் தேடுவீர்கள்.

பின்சேர்க்கை 1: கியூஎமுவுக்கு 'நோ-ரீபூட்' ஆப்ஷன் போட்டால் பேனிக் ஆனதும் கியூஎமு வெளியேறும், ஆனால் எக்ஸிட் கோட் 0. அதை நம்பி 'பாஸ்' போடாதீர்கள். லாகில் 'கெர்னல் பேனிக்' என்று கிரெப் செய்து (தேடிப்) பாருங்கள்.

பின்சேர்க்கை 2: எல்லா டெஸ்டும் கெடு தாண்டினால் '/டெவ்/கேவிஎம்' (கியூஎமுவை வேகமாக ஓட்ட உதவும் கெர்னல் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். கேவிஎம் இல்லாமல் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், டெஸ்டை மூன்று முறை ஓட்டி, அதிகபட்ச நேரத்தின் இரு மடங்கைக் கெடுவாக வையுங்கள். மற்ற இரண்டு டைமரையும் அதே கணக்கில் ஏற்றுங்கள்.